வீடு சின்னதாகிப் போனபோது போட்ட கணக்குகள்

எங்கள் பழைய வீட்டில் குளியலறைக் கதவைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் துணி அலமாரியின் கதவைச் சாத்த வேண்டும். குடிவந்த புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. நாங்கள் இருவர், ஐந்து வயது மகள், ஒரு கைக்குழந்தை. ஏழு வருடம் கழித்து என் அம்மாவும் எங்களோடு வந்து சேர்ந்தபோது, காலை ஏழு மணிக்கு அந்தக் கதவு தினமும் ஒரு சண்டையைத் தொடங்கிவைத்தது. இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை, லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. மகள் பரீட்சைக்குப் படிக்க மாடிப்படித் திருப்பத்தில் போய் உட்காருவாள். அலுவலக அழைப்பு வந்தால் நான் கீழே இறங்கி, நிறுத்திவைத்த காருக்குள் உட்கார்ந்து பேசுவேன். காருக்குள்ளிருந்தே ஒருமுறை நேர்காணல்கூட நடத்தியிருக்கிறேன். அந்தப் பையனுக்கு வேலை கிடைத்தது.

"வித்துட்டுப் பெருசாப் பார்க்கலாங்க" என்று நான் முதலில் சொன்னது அந்த ஏழாவது வருடத்தில். விற்றது பத்தாவது வருடத்தில். நடுவில் போன மூன்று வருடங்களில் பாதி தேவையான தாமதம், பாதி வெறும் தாமதம். எது எந்தப் பாதி என்பது இப்போதுதான் தெரிகிறது. அதை எழுதிவைத்தால் இதே இடத்தில் நிற்கும் யாருக்காவது பயன்படும் என்று தோன்றியது.

தேவையான தாமதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வீடு போதவில்லை என்று எல்லோரும் சொன்னோமே தவிர, எது போதவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. சரி என்று ஒரு நோட்டு போட்டேன். ஒரு மாதம், வீடு இடைஞ்சலாக இருந்த ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. யார், எந்த நேரம், என்ன தடை. புலம்பல் கூடாது, சம்பவம் மட்டும். மாதக் கடைசியில் அறுபதுக்கு மேல் வரிகள் இருந்தன. பிரித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. பாதிக்கு மேல் வரிகளில் பிரச்சினை சுவர் இல்லை, சாமான். வேலை செய்யாத தையல் மெஷின், கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு வாங்கிய தொட்டில், எந்தச் சாதனத்துடையது என்றே தெரியாத ஒரு பெட்டி நிறைய ஒயர். பரணைக் காலி செய்து, ஒரு கட்டிலை அப்புறப்படுத்தியதும் மகளின் மேஜைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. வீடு விற்கும் யோசனையை அதோடு ஆறு மாதம் மூட்டை கட்டி வைத்தோம்.

அந்த ஆறு மாதத்தை வீண் என்று நான் நினைக்கவில்லை. சாமானால் நெருக்கடி என்றால், பெரிய வீட்டுக்குப் போனாலும் இரண்டே வருடத்தில் அதையும் நிரப்பிவிடுவோம். சாமான் போன பிறகும் நோட்டில் மிஞ்சுகிற வரிகள்தான் வீட்டின் உண்மையான குறை. எங்களுக்கு மிஞ்சியவை மூன்று. காலையில் ஒரே குளியலறை. நான் வேலை செய்யச் சாத்திக்கொள்ள ஒரு கதவு. அம்மாவின் முழங்காலும் அந்த முப்பத்தாறு படிகளும்.

இந்த மூன்றையும் விற்காமலே தீர்க்க முடியுமா என்றும் பார்த்தோம். ஹாலில் ஒரு தடுப்பு வைத்து மூலையை எனக்கு அறையாக்கினோம். பார்வையை மறைத்தது, சத்தத்தை மறைக்கவில்லை. போதாததற்கு ஹாலின் வெளிச்சமும் போயிற்று. நான்கு மாதத்தில் எடுத்துவிட்டோம். தனி வீடாக இருந்திருந்தால் மேலே ஓர் அறை கட்டலாமா என்று யோசித்திருப்போம். அப்படி யோசிப்பவர்கள் மேஸ்திரியைக் கூப்பிடுமுன் ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டு, அஸ்திவாரமும் தூண்களும் அந்தச் சுமையைத் தாங்குமா என்று கேட்டுவிடுவது நல்லது. அனுமதி இல்லாமல் கட்டிய அறை நாளைக்கு விற்கும்போது வாங்குபவரின் வங்கி முன் கேள்வியாக நிற்கும். இன்னொன்று, சுற்றியிருக்கிற வீடுகளின் விலைக்கு மேல் ஒரு வீடு அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. தெருவிலேயே பெரிய வீடாக உங்கள் வீட்டை ஆக்கினால், போட்ட பணம் முழுவதும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பெரிய வீட்டுக்கு வாடகைக்குப் போவது என்றொரு வழியும் இருந்தது. நெருக்கடி மூன்று நான்கு வருடத்தில் தீரக்கூடியது என்றால் அதுதான் மலிவான வழி. விற்று வாங்கும் செலவே மிச்சம். எங்கள் நெருக்கடி எத்தனை வருடத்துக்கு என்று பார்க்க ஒரு கட்டம் போட்டேன். மேலே அடுத்த பத்து வருடங்கள், பக்கவாட்டில் ஐந்து பேர், ஒவ்வொரு கட்டத்திலும் வயது. மகளின் வரிசையில் 14, 15, 16 என்று போய் நான்காவது வருடம் 18. படிக்க வெளியே போகக்கூடும். மகனுக்கு அந்த எண் வர இன்னும் ஒன்பது வருடம். அம்மாவின் வரிசையில் 74 என்று ஆரம்பித்தேன். 80 தாண்டியதும் பேனா நின்றது. மிச்சக் கட்டங்களைக் காலியாக விட்டு மறுநாள்தான் நிரப்பினேன், எல்லாவற்றையும், 84 வரைக்கும்.

அந்தக் காகிதத்தை அம்மா பார்த்துவிட்டாள். மேஜையில் விட்டது என் தப்பு. "என்னை வெச்சுக் கணக்குப் போடாதடி. எனக்காக ஒரு வீட்டை விக்காத, எனக்காக ஒண்ணை வாங்கவும் வாங்காத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அது என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் நான் எடுத்த முடிவு அவளுக்குப் பிடித்திருக்காது: அவளை வைத்தும் கணக்குப் போட்டேன். அவள் ஒருத்திக்காக மட்டும் என்றால் கீழ்த்தளத்தில் ஒரு வாடகை வீடு போதும். நோட்டில் மிஞ்சிய மூன்று குறைகளில் அவளுடையது ஒன்றுதான். மற்ற இரண்டும் மகள் போன பிறகும் மிச்சமிருக்கும்.

ஆனால் கட்டம் வேறொன்றையும் சொன்னது. ஐந்து பேரும் ஒன்றாக இருக்கப்போவது இன்னும் நான்கு வருடம்தான். அதுவரை நான்கு படுக்கையறை வீடுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு வருட நெரிசலுக்கு ஓர் அறையைக் கூடுதலாக வாங்கி, பதினெட்டு வருடம் தவணை கட்டுவதா? மூன்று அறை, இரண்டு குளியலறை, தரைத்தளம் அல்லது லிஃப்ட். தேடுவது இது என்று அன்றைக்கு முடிவாயிற்று.

இனி வெறும் தாமதம். இதற்குக் காரணம் என் கணவர் மட்டும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நானும் கூட்டு.

"இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்பார் அவர். எங்கள் வீட்டின் விலை ஏறிக்கொண்டிருந்தது, உண்மைதான். ஒவ்வொரு முறை பக்கத்தில் ஏதாவது வீடு விற்றால் விலை கேட்டு வந்து சந்தோஷமாகச் சொல்வார். நானும் சந்தோஷப்பட்டேன். நாங்கள் விற்கப்போகிறவர்கள் மட்டுமில்லை, அதே சந்தையில் அதைவிடப் பெரிதாக ஒன்றை வாங்கப்போகிறவர்களும்கூட என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

பணத்தின் பெயர் வேண்டாம், எண்ணாகவே சொல்கிறேன். விற்க முடிவெடுத்த வருடம் எங்கள் வீட்டின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தேடிய மாதிரி வீடு 140. நடுவில் இடைவெளி 40. மூன்று வருடம் முன்பு, நான் முதலில் வாய் திறந்தபோது, எங்கள் வீடு 85-க்குப் போயிருக்கும். அந்த மாதிரி வீடு 119. இடைவெளி 34. எங்கள் வீடு 15 ஏறியது என்று நாங்கள் குஷியாக இருந்த நாட்களில் வாங்கவேண்டிய வீடு 21 ஏறியிருந்தது. இரண்டும் ஒரே சதவீதம்தான் ஏறின. பெரிய எண்ணுக்கு அதே சதவீதம் பெரிய தொகை. காத்திருந்ததற்கு நாங்கள் 6 கொடுத்தோம்.

சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகிறவருக்கு, இரண்டும் ஒரே விகிதத்தில் நகர்கிறவரை, ஏறும் சந்தை செலவு, இறங்கும் சந்தை லாபம். 100 என்பது 90 ஆகும்போது 140 என்பது 126 ஆகும், இடைவெளி 36. பெரிய வீட்டை விற்றுச் சின்னதற்குப் போகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். கேட்டால் சின்னப்பிள்ளைக் கணக்கு. ஆனால் விலை இறங்கும்போது வீட்டை விற்பது என்றால் வயிறு கலங்கத்தான் செய்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு, கடன் அதிகம் மிச்சமிருப்பவர்களுக்கு. வீட்டின் மதிப்பு 100, கடன் பாக்கி 75 என்றால் உங்கள் பங்கு 25. விலை பத்து சதவீதம் இறங்கினால் உங்கள் பங்கு 15 ஆகிவிடும். கடன் அப்படியே நிற்கும், குறைவது முழுக்க உங்கள் பங்கில்தான். அடுத்த வீடு 126-க்கு இறங்கியிருந்தும், வங்கி ஐந்தில் ஒரு பங்கு முன்பணம் கேட்டால் 25 வேண்டும், கையில் 15. இடைவெளி சுருங்கியும் வாங்க முடியாது. ஆக விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டியது கடன் பாக்கி.

எங்கள் பாக்கியைப் பற்றிக் கணவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. "இருபது வருஷக் கடன்ல ஒன்பது வருஷம் கட்டியாச்சு, பாதிக்குப் பக்கத்துல வந்திருப்போம்." வங்கியிலிருந்து பாக்கிக் கடிதம் வாங்கிப் பார்த்தோம். அசலில் முக்கால் பங்கு அப்படியே இருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு வங்கியில் தப்பு நடந்திருக்கும் என்றார். தப்பு இல்லை. மாதத் தவணைக் கடனில் ஆரம்ப வருடங்களில் கட்டுவது பெரும்பாலும் வட்டிக்கே போகும். 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு 100 கடன் வாங்கினால், ஒன்பது வருடத்தில் தவணையாகக் கட்டியிருப்பது 97. அதில் அசலுக்குப் போனது 25. பாதி அசல் அடைவதற்குப் பதினான்கு வருடம் ஆகும். வட்டி விகிதம் குறைவாக இருந்தால் இது கொஞ்சம் சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான். நல்லவேளை, எங்கள் வீடு வாங்கியபோது இருந்ததைவிட நன்றாக ஏறியிருந்ததால், 100 மதிப்பில் பாக்கி 40-தான். எங்கள் பங்கு 60.

அந்த 60-ம் கைக்கு வராது. தரகர் கமிஷன், வக்கீல், சில்லறை ரிப்பேர் எல்லாம் போக 57 என்று போட்டோம். வாங்கும் பக்கத்தில் முத்திரைக் கட்டணம், பதிவு, வக்கீல், சாமான் மாற்றும் செலவு, புது வீட்டுக்குத் திரைச்சீலையிலிருந்து விளக்கு வரைக்கும். முதலில் நாங்கள் ஆசைப்பட்ட நான்கு அறை வீடு 160, செலவோடு 172. கடன் 115 வேண்டும். மூன்று அறை வீடு 140, செலவோடு 150. கடன் 93. இந்த விகிதங்கள் ஊருக்கு ஊர் மாறும். முன்கூட்டிக் கடனை அடைப்பதற்கு அபராதம் உண்டா என்று கடன் பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். விற்ற லாபத்துக்கு வரி உண்டா என்பதும் அப்படித்தான். குடியிருந்த வீட்டுக்குப் பல நாடுகளில் சலுகை உண்டு, ஆனால் எத்தனை வருடம் வைத்திருந்தீர்கள், எத்தனை நாளுக்குள் அடுத்ததை வாங்குகிறீர்கள் என்று நிபந்தனைகளோடுதான் வரும். சில மாத வித்தியாசத்தில் சலுகை கை நழுவிப் போகலாம். தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரு வரி ஆலோசகரிடம் அரை மணி நேரம் செலவழிப்பது நல்லது.

வங்கி 115-க்கே கடன் தரத் தயாராக இருந்தது. வங்கி தருகிறேன் என்று சொல்வதும் நம்மால் கட்ட முடியும் என்பதும் வேறு வேறு என்று எனக்குச் சந்தேகம். அதனால் ஒரு ஒத்திகை பார்த்தோம். நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது இதுதான் என்பேன். ஓய்வு பெறுவதற்குள் முடிய வேண்டும் என்று 18 வருடக் கடனாகப் போட்டால், 115-க்கான தவணை நாங்கள் கட்டிக்கொண்டிருந்ததைப்போல இரண்டே கால் மடங்கு வந்தது. இருக்கிற தவணைக்கும் வரப்போகிற தவணைக்கும் உள்ள வித்தியாசத்தை, மாதம் பிறந்ததும் முதல் வேலையாகத் தனிக் கணக்கு ஒன்றில் போட்டுவிடுவோம். அதைத் தொடக்கூடாது. மூன்றாவது மாதம் தொட்டுவிட்டோம். மகனுக்குப் பல் சிகிச்சை, அதே வாரம் கார் ரிப்பேர். பெரிய விபரீதம் ஒன்றுமில்லை, எந்தக் குடும்பத்துக்கும் எந்த மாதமும் வருவது. அந்த மாதிரி மாதத்தைத் தாங்காத தவணை நமக்கான தவணை இல்லை என்று புரிந்தது. பிறகு 93-க்கான தவணை, 1.8 மடங்கு, ஆறு மாதம் போட்டுப் பார்த்தோம். கஷ்டப்பட்டு, ஆனால் தொடாமல் முடித்தோம். சேர்ந்த தொகை பின்னால் பதிவுச் செலவுக்கு ஆயிற்று.

ஒத்திகை முடிந்த அன்று இரவுதான் கணவரிடம் கேட்டேன். "இந்த வீடு நமக்குச் சொந்தமில்லைன்னு வெச்சுக்கோங்க. கையில இதோட விலைக்குப் பணம் இருக்கு. நாம அஞ்சு பேர். இதை வாங்குவீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் ஹாலில் இருந்த புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிவந்த இரண்டாவது வருடம் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து அவரே அறுத்து, இழைத்து, சுவரோடு பொருத்தியது. தரையிலிருந்து கூரை வரைக்கும். உண்மையிலேயே அழகான வேலை. வீட்டின் விலையை அவர் மனதில் கூட்டியபோதெல்லாம் அந்த அலமாரியும் சேர்ந்து கூடிக்கொண்டிருந்தது என்று நான் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ரிச்சர்ட் தேலர் 1980-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். நம்மிடம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடுவது. அவரும் டேனியல் கானமன், ஜாக் நெட்ச் ஆகியோரும் செய்து 1990-ல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பைகளைக் கொடுத்து, விற்க என்ன விலை வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் வாங்க என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். சற்று முன்பு கையில் கிடைத்த கோப்பைக்கு, விற்பவர்கள் வாங்குபவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். பத்து வருடம் குடியிருந்த வீட்டுக்கு எத்தனை மடங்கு கேட்போம்!

நாங்கள் கேட்டது 112. மூன்று தரகர்களிடம் மதிப்பு கேட்டதில் 97, 101, 108 என்று வந்தது. 108 சொன்னவர் எங்கள் வேலையைப் பிடிப்பதற்காக ஏற்றிச் சொன்னார் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அதே கட்டிடத்தில் முந்தைய வருடம் பதிவான விற்பனைகள் இரண்டும் 100-ஐ ஒட்டியே இருந்தன. விளம்பரத்தில் கேட்கப்படும் விலை ஆசை, பத்திரத்தில் பதிவான விலைதான் நிஜம். அதுவும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் 112. "கேக்குறதுல என்ன, குறைச்சுக்கலாம்" என்று நானும் தலையாட்டினேன்.

இரண்டாவது வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். 99 தருகிறோம் என்றார்கள். முதல் ஆளே 99 சொன்னால் அடுத்த ஆள் 105 சொல்வார் என்று கணக்குப் போட்டு அனுப்பிவிட்டோம். அடுத்த ஆள் வரவே இல்லை. நான்கு மாதம். ஒரு வீடு புதிதாக விற்பனைக்கு வரும் முதல் சில வாரங்களில்தான், தேடிக்கொண்டு தயாராக இருப்பவர்கள் எல்லோரும் வந்து பார்க்கிறார்கள். அந்தக் கூட்டம் போய்விட்டால் பிறகு புதிதாகத் தேட ஆரம்பிக்கிறவர்கள் ஒருவர் இருவராகத்தான் வருவார்கள், வருகிறவர்களும் "ஏன் இவ்வளவு நாளா போகலை, ஏதாவது வில்லங்கமா?" என்று கேட்பார்கள். ஐந்தாவது மாதம் 103-க்கு இறக்கினோம். ஒருவர் 98-க்கு ஒத்துக்கொண்டார். அவருடைய வங்கி கடனை மறுத்துவிட்டது. அதில் ஆறு வாரம் போயிற்று. கடனுக்கு முன் ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்காமல் யாருக்கும் வீட்டை நிறுத்திவைக்கக்கூடாது என்பதை அந்த ஆறு வாரம் சொல்லிக்கொடுத்தது. கடைசியில் ஏழாவது மாதம் 96.

டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டஃபர் மேயர் என்ற இரண்டு பேர் 1990-களில் பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து 2001-ல் எழுதியதைப் பின்னால் ஒரு நாள் படித்தேன். சந்தை சரிந்திருந்த காலம் அது. வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்கவேண்டிய நிலையில் இருந்தவர்கள், எதிர்பார்க்கக்கூடிய விலைக்கும் தாங்கள் அன்று கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை கூடுதலாகச் சேர்த்துக் கேட்டார்கள். கொஞ்சம் கூடவும் கிடைத்தது, ஆனால் அவர்கள் வீடுகள் விற்கத் தாமதமாயின. எங்களுக்கு நஷ்டமே இல்லை, வாங்கியதைவிட நல்ல லாபம். இருந்தும் மனதில் 112 என்று ஓர் எண்ணை எழுதிவிட்டதால், 99 நஷ்டமாகத் தெரிந்தது. அந்தத் தம்பதியின் முகம் இன்னும் ஞாபகமிருக்கிறது.

விற்ற பிறகு வாங்குவதா, வாங்கிய பிறகு விற்பதா என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு: கையிருப்பு தாராளமாக இல்லாதவர்கள் விற்றுவிட்டு வாங்க வேண்டும். முதலில் வாங்கினால் பழையது போகும்வரை இரண்டு தவணை. அதைச் சமாளிக்க வங்கிகள் இடைக்காலக் கடன் தருவதுண்டு, வட்டி பெரும்பாலும் கூடுதல். அந்த அழுத்தத்தில் பழைய வீட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடத் தோன்றும். எங்கள் வீடு ஏழு மாதம் இழுத்ததை நினைத்தால், முன்னதாக ஒன்றை வாங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் பதைக்கிறது. முதலில் விற்பதில் உள்ள பயம் தெருவில் நிற்கவேண்டி வருமோ என்பது. அதற்காக, ஒப்பந்தத்திலேயே வீட்டை ஒப்படைக்க 90 நாள் கேட்டோம். வாங்கியவர்களுக்கும் அவசரமில்லை, ஒத்துக்கொண்டார்கள். சிலர் விற்ற வீட்டிலேயே இரண்டு மூன்று மாதம் வாடகைக்கு இருக்கிறோம் என்று பேசிக்கொள்வார்கள். அதையும் எழுத்தில் வைத்துக்கொண்டால் நல்ல வழிதான்.

90 நாள் எங்களுக்குப் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், அதற்கு முன்பே ஒரு வருடமாக வீடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வாங்குகிற எண்ணத்தோடு இல்லை, விலை பழகுவதற்கு. எந்தத் தெருவில் எது என்ன விலைக்குப் போகும் என்று விரல் நுனியில் இருந்ததால், சரியான வீடு வந்த அன்று தயங்கவில்லை. 140 சொன்னார்கள், 138-க்கு முடிந்தது. 138-லிருந்து 96 போனால் 42. முதலில் வந்தவர்களுக்கே 99-க்குக் கொடுத்திருந்தால் இடைவெளி 40-க்கு உள்ளேயே இருந்திருக்கும்.

ஒன்று மறந்துவிட்டேன். வீட்டின் மூலப் பத்திரங்கள் கடன் கொடுத்த வங்கியிடம் இருந்தால், கடனை அடைத்த பிறகு அவை கைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கலாம். விற்பதற்கு ஆள் வந்தபிறகு அதற்கு அலைவது கொடுமை. என்னென்ன காகிதம் வேண்டும், யார் தருவார்கள், எத்தனை நாள் என்று விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்து வைத்துவிடுங்கள்.

சாவி கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பு, வாங்கியவர்கள் அளவெடுக்க வந்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு, அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி என் கணவரிடம் கேட்டாள். "சார், அந்தச் சுவர்ல இருக்கிற ஷெல்ஃப்... போகும்போது எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்கதானே? அந்த இடம் எங்களுக்கு வேற வேலைக்கு வேணும்."

அவர் "கண்டிப்பாம்மா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திருகாணி திருகாணியாகக் கழற்றினார். மகன் பலகைகளுக்கு எண் போட்டான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பழைய துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள், சுற்றுவதற்கு.

புது வீட்டின் கூரை ஒரு சாண் குறைவு. அலமாரி எந்தச் சுவரிலும் நிற்காது. அறுத்துவிடலாம் என்றால் அவருக்கு மனசு வரவில்லை. குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. வழக்கம்போல ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். இதுவரை ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. "பலகைகள், 22. என் அறைக் கதவுக்குப் பின்னால். கதவு முழுசாகத் திறக்கவில்லை."